தரையைப் பார்த்து நடந்தவள்

வேங்கிக்காலில் ஜெயமதி வேலை பார்க்கும் அலுவலகத்தில் அவளுக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது: ‘காசு தேடுறவங்க’. யார் வைத்தது என்று கேட்டால் எல்லோரும் பாஞ்சாலையைக் காட்டுவார்கள். மேசைக்கு மேசை ஃபைல் சுமக்கும் பாஞ்சாலை எல்லோரையும் காட்டுவாள். விஷயம் இதுதான்: ஜெயமதி நடக்கும்போது தலை நிமிர்வதில்லை. கால் வைக்கப் போகிற இடத்தைக் கண் முதலில் போய்ப் பார்த்துவிட்டு வரும். எறும்பு, புழு எதுவும் இல்லையென்று தெரிந்த பின்தான் கால் இறங்கும். மழைக்காலத்தில் நத்தையும் மரவட்டையும் கிளம்பிவிட்டால் அவள் நடை இன்னும் நிதானப்படும். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிக்காத குறைதான்.

அவள் பிறந்தது வந்தவாசிப் பக்கம் ஒரு சமணச் சிற்றூர். ‘கீழ பாத்து நட’ என்பது அங்கே குழந்தைக்கு நடை பழக்கும்போதே சேர்த்துப் பழக்குவது. அதற்காக நயினார் என்று அழைக்கப்படும் தமிழ்ச் சமணர் வீட்டுப் பெண்கள் எல்லோரும் இப்படியே நடக்கிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். அவளுடைய மகள் சுதர்சனா சென்னையில் செல்போனைப் பார்த்தபடி சாலையைக் கடக்கிறாள். அதுவும் தலைகுனிந்த நடைதான். எறும்புக்கு அதனால் லாபமில்லை. ஜெயமதிக்குத்தான் பழக்கம் உடம்போடு ஒட்டிவிட்டது. இருட்டிய பிறகு சாப்பிடுவதில்லை என்கிற விரதமும் அப்படியே.

அவள் கணவர் ஜினசேனன் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். சாதுவான மனிதர். ஒருநாள் கொசு பேட் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். அன்று வீட்டில் நடந்த வழக்கு இது.

“நீ அடிக்க வேணாம் ஜெயா. நான் அடிச்சுக்கறேன்.”

“நான் சொல்லி நீங்க அடிச்சா அது நான் அடிச்ச மாதிரிதானே?”

“நீ சொல்லவும் வேணாம். நானா அடிக்கிறேன், போதுமா?”

“பட்டுனு சத்தம் கேட்டதும் எனக்கு உள்ளுக்குள்ள ஒரு அப்பாடா வருமே. அதை என்ன பண்றது?”

செய்வது, செய்விப்பது, செய்ததைக் கண்டு மகிழ்வது. மூன்றும் ஒரே எடை என்பது அவர்கள் வீட்டில் கேட்டு வளர்ந்த பாடம். ஜினசேனனுக்கும் தெரியாததல்ல. பேட் அலமாரி உச்சிக்குப் போனது, கொசுவலை வந்தது.

சாயங்காலம் அலுவலகம் விட்டதும் ஜெயமதி ஏரிக்கரை வழியாக வீட்டுக்கு நடப்பாள். ஏரிக்கு அந்தப் பக்கம் புதிதாக எழும்பிய குடியிருப்பில் வீடு. ஐப்பசி, கார்த்திகையில் பொழுது சீக்கிரம் சாய்ந்துவிடும். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட நேரம் பத்தாது. கரையில் ஒரு வேப்பமரமும் அதன் கீழே ஒரு கல்லும் உண்டு. அங்கே உட்கார்ந்து, எவர்சில்வர் டப்பாவைத் திறந்து, வெளிச்சம் இருக்கும்போதே சப்பாத்தியோ உப்புமாவோ சாப்பிட்டுவிட்டு மீதி வழியை நடப்பாள். நாள் முழுக்க யாருக்கோ கடிதம் அடித்துக் கொடுக்கிறவளுக்கு, அவளுக்கென்று இருந்தது அந்த நடையும் அந்தக் கல்லும்தான். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால், “இதுல என்ன இருக்கு?” என்பார்கள்.

தரையையே பார்த்து நடப்பவளுக்கு மனிதர்களைத் தெரியாது என்று நினைத்தால் தப்பு. அவளுக்கு எல்லோரையும் காலால் தெரியும். வெடித்த குதிகால் என்றால் டீ கொண்டுவருகிறவர். கொலுசுக்கு மேலே கருப்புக் கயிறு என்றால் பாஞ்சாலை. ஏரிக்கரையில் தினமும் எதிரே வருவது ஒரு டயர் செருப்பு. வலது கால் கட்டைவிரல் நகம் கறுத்திருக்கும், அதற்கடுத்த இரண்டு விரல்களும் பிறவியிலேயே ஒட்டியிருக்கும். ஒற்றையடிப் பாதை அது. அவள் வருவது தெரிந்ததும் அந்தக் கால்கள் பாதையை விட்டு இறங்கிப் புதர் ஓரமாய் நின்றுவிடும். அவள் கடந்து போன பிறகுதான் மேலே ஏறும். ஒருமுறை சிற்றெறும்புகள் பாதையின் குறுக்கே சாரை சாரையாகப் போய்க்கொண்டிருந்தன. அவள் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாண்டினாள். மறுநாள் வந்து பார்த்தால் எறும்பு வரிசைக்கு இரண்டு பக்கமும் யாரோ செங்கல் வைத்திருந்தார்கள். எதிரே வந்த டயர் செருப்பு செங்கல் மேல் கால் வைத்துத் தாண்டி, வழக்கம்போல் ஓரமாய் இறங்கி நின்றது.

அன்று அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“ஏரிக்கரையில ஒரு நல்ல மனுஷர் வர்றாருங்க,” என்றாள் கணவரிடம்.

“யாரு?”

“டயர் செருப்புக்காரர்.”

“ஆளு எப்படி இருப்பாரு?”

“அதான் சொல்றேனே, டயர் செருப்பு போட்டிருப்பாரு.”

ஜினசேனன் சோற்றைப் பிசைந்தபடி தலையாட்டிக்கொண்டார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் இதற்குமேல் கேட்கக்கூடாது என்பது அவருக்குத் தெரியும்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த நடைக்குக் குறுக்கே வந்தது ஒரு சங்கிலி. அவர்கள் குடியிருப்பில் கோலம் போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாளின் கழுத்துச் சங்கிலியை, பைக்கில் வந்தவர்கள் அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சேதி சென்னைக்குப் போன வேகத்தில் சுதர்சனாவின் போன் வந்தது.

“அம்மா, ஒண்ணு அப்பா வண்டியில வந்து கூட்டிட்டுப் போகட்டும். இல்லன்னா வேலையை விட்டுடு. அந்த ஏரிக்கரையில தனியா நடக்கறது மட்டும் வேணாம்.”

ஜெயமதிக்கு வேலையை விடுவதுகூடப் பரவாயில்லை. நடையை எப்படி விடுவது? வண்டிச் சக்கரத்துக்கு எறும்பு தெரியுமா? அவள் போனை ஜினசேனனிடம் கொடுத்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து அலுவலகத்தில் பெண்களுக்குத் தற்காப்புப் பயிற்சி என்று அறிவித்தார்கள். கார்த்திகை தீபம் நெருங்குகிறது, மலையுச்சியில் ஏற்றும் தீபத்தைப் பார்க்க ஊருக்குள் லட்சக்கணக்கில் ஜனம் வரும், எதற்கும் தயாராக இருக்கட்டும் என்று யாரோ நல்ல மனதுக்காரர் ஏற்பாடு செய்திருந்தார். சொல்லிக்கொடுக்க வந்தவள் மதிவதனி. கராத்தே வகுப்பு நடத்துகிறவள், சின்னப் பெண், எல்லோரும் ‘மாஸ்டர்’ என்று கூப்பிட்டார்கள். ஜெயமதி முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள். இதைக் கற்றுக்கொண்டால் மகள் வாயை அடைத்துவிடலாம், நடை தப்பித்துவிடும் என்பது அவள் எண்ணம்.

மதிவதனி முதலில் அடிக்கச் சொல்லிக்கொடுக்கவில்லை. கூட்ட அறையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஒவ்வொருவராக நடக்கச் சொன்னாள். ஜெயமதி வழக்கம்போல் நடந்தாள். திரும்பியதும் கேள்வி வந்தது.

“மேடம், இந்த ரூம்ல சுவரு என்ன கலர்?”

ஜெயமதி யோசித்தாள். அந்த அறைக்கு அவள் வராத மாதமில்லை. “வெள்ளைங்களா?”

எல்லோரும் சிரித்தார்கள். சுவர் பச்சை.

“உங்க பின்னாடியே நான் நடந்து வந்தேன், தெரியுமா?”

“தெரியாதுங்க மாஸ்டர். ஆனா உங்க ஷூ லேஸ் அவுந்திருக்கு.”

மதிவதனியும் சிரித்துவிட்டாள். குனிந்து கட்டிக்கொண்டே கேட்டாள். “தினம் எந்த வழியா வீட்டுக்குப் போவீங்க?”

“ஏரிக்கரை.”

“எத்தனை மணிக்கு?”

“பொழுது சாயறதுக்கு முன்னாடி.”

“என்னிக்காவது மாறுமா?”

“எப்படிங்க மாறும்? சாப்பிடணுமே.”

“உங்களுக்குக் கெடுதல் செய்ய நினைக்கிறவனுக்கு இதைவிட வசதி வேணாம் மேடம். அவன் தேடவே வேணாம், வந்து நின்னா போதும். இந்த ஊர்ல ஒவ்வொருத்தரும் நிமிந்து மலையைப் பார்த்துக்கிட்டு நடக்கறாங்க. நீங்க ஒருத்தர்தான் தரையைப் பார்க்கறீங்க.”

அந்தப் பெண் கேலியாகச் சொல்லவில்லை, அக்கறையாகத்தான் சொன்னாள். அதுதான் ஜெயமதியைக் குழப்பியது. சின்ன வயதிலிருந்து நல்ல பழக்கம், நல்ல பழக்கம் என்று சொல்லிச் சொல்லி வளர்த்த அத்தனையும் இங்கே ஆபத்து என்று பெயர் மாட்டிக்கொண்டு நின்றன. நேரம் தவறாமை ஆபத்து. ஒரே வழி ஆபத்து. கீழே பார்ப்பது பெரிய ஆபத்து. அப்படியானால் இத்தனை நாள் அவள் உயிரோடு இருந்தது எப்படி?

பிறகு மதிவதனி சில அடையாளங்கள் சொன்னாள். வழியை விட்டு ஒதுங்கி மறைவாய் நிற்கிற ஆளைக் கவனியுங்கள். “ஏதோ விழுந்துடுச்சு, விட்டுட்டுப் போறீங்க” என்று பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாதீர்கள், பழைய தந்திரம் அது. ஒரு ஆள் நெருங்கினால் அவன் கையைப் பாருங்கள், கை பைக்குள் போகிறதா என்று பாருங்கள். ஜெயமதி எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டாள். மனப்பாடம் அவளுக்குக் கைவந்த கலை.

கடைசியில் அடி. மதிவதனி அடி தாங்குகிற தடித்த மெத்தைப் பேடு ஒன்றைக் கையில் மாட்டிக்கொண்டு நின்றாள். பாஞ்சாலை விட்ட குத்தில் மாஸ்டரே ஓரடி பின்னால் போனாள்.

“இன்னாக்கா இப்படி அடிக்கறீங்க!”

“எங்க வூட்டுக்காரர நெனைச்சிக்கினேன் மாஸ்டர்,” என்றாள் பாஞ்சாலை, மூச்சு வாங்க.

ஜெயமதி முறை வந்தது. கையை மடக்கினாள், ஓங்கினாள், பேடைப் பார்த்தாள், அதற்குப் பின்னால் இருந்த மெலிந்த கையைப் பார்த்தாள். கை இறங்கிவிட்டது.

“வலிக்குமேங்க.”

“வலிக்காது மேடம். பேடு இருக்குல்ல?”

“அடிக்கணும்னு நினைக்கறதே எங்களுக்கு ஆகாதுங்க மாஸ்டர்.”

மதிவதனி வற்புறுத்தவில்லை. “சரி. அடிக்க வேணாம், கத்துங்க. குரல் போதும். காலை ஊனி நில்லுங்க, கையை முன்னாடி நீட்டுங்க. ‘நில்லு! கிட்ட வராத! இவன் என் பின்னாடியே வரான்!’ அடிவயித்துலேர்ந்து வரணும். சுத்தி இருக்கறவங்க பார்த்துப்பாங்க.”

ஜெயமதிக்கு அப்போதுதான் உயிர் வந்தது. கத்துவதில் என்ன பாவம்? யாருக்கும் வலிக்காது. ஒரு புழுப் பூச்சிக்கும் சேதமில்லை. அன்று வீட்டில் சமையலறைக்குள் நின்று ஒரு முறை கத்திப் பார்த்தாள். ஜினசேனன் கையிலிருந்த சொம்பைப் போட்டுவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி, “என்ன சார் ஆச்சு?” என்றார். ஜெயமதிக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. தனக்குள் இப்படி ஒரு குரல் இருந்தது அவளுக்கே தெரியாது.

வீட்டுப்பாடமும் உண்டு. போகிற வழியில் எதிரே வருகிறவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு போய் மறுநாள் வந்து சொல்ல வேண்டும்.

அடுத்த சாயங்காலம் ஏரிக்கரையில் ஜெயமதி தலையை நிமிர்த்தி நடந்தாள். கழுத்து வலித்தது. கால் எங்கே போகிறதென்று தெரியாமல் தடுக்கிக்கொண்டே இருந்தாள். எத்தனை உயிர் நசுங்கியதோ என்று ஒரு பக்கம் மனசு அடித்துக்கொண்டது. மலை இவ்வளவு பெரிதாக, இவ்வளவு கிட்டத்தில் இருக்கிறதா என்று ஒரு பக்கம் ஆச்சரியம். கல்லில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்து, இரண்டு வாய் சாப்பிட்டிருப்பாள். யாரோ வரும் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தாள்.

அப்படி ஒரு முகத்தை அவள் பார்த்ததில்லை. இடது பாதி முழுக்க வெந்து சுருங்கி, தோல் இழுத்துக்கொண்டு, அந்தப் பக்கத்துக் கண் பாதி மூடியிருந்தது. உதடு ஒரு பக்கமாய்க் கோணிப் பல் தெரிந்தது. அந்த முகம் அவளையே பார்த்தது. பார்த்துக்கொண்டே அந்த ஆள் பாதையை விட்டு இறங்கிப் புதர் ஓரமாய்ப் போய் நின்றான்.

வழியை விட்டு ஒதுங்கி மறைவாய் நிற்கிற ஆள். மாஸ்டர் சொன்னது அப்படியே நடந்தது. ஜெயமதி எழுந்த வேகத்தில் பையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்த வழியே திரும்பி ஓட்டமும் நடையுமாக மெயின் ரோட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். ஒரு தடவையும் கீழே பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

மறுநாளிலிருந்து மெயின் ரோடு வழியாகவே போனாள். அலுவலகத்திலேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினாள். டப்பாவைக் காணவில்லை என்று தேடி, பாஞ்சாலைமேல் லேசாகச் சந்தேகப்பட்டு, வேறு டப்பா எடுத்துக்கொண்டாள். எந்தப் பதற்றத்தில் எங்கே வைத்தோம் என்று அவளுக்கு நினைவே இல்லை. ஏரிக்கரைக் கல் மட்டும் அடிக்கடி நினைவுக்கு வந்தது. டயர் செருப்புக்காரரும் நினைவுக்கு வந்தார். பாவம், அந்த நல்ல மனுஷர் அந்த வழியாய் வருகிறவர், அவரையும் அந்த மூஞ்சிக்காரன் ஏதாவது செய்துவிடுவானோ என்று கவலைப்பட்டாள். சிரிப்பதா அழுவதா, சொல்லுங்கள்.

சில நாள் கழித்து, பஸ் நிறுத்தத்துக்கு எதிரே அதே முகம். இவளைத் தேடிக்கொண்டு நின்றது. மறுநாளும் நின்றது. ஜினசேனன் கடையை மூடிவிட்டு வருகிறேன் என்றார்.

“வேணாங்க. நான் பாத்துக்கறேன். எனக்குத்தான் குரல் இருக்கே,” என்றாள்.

அடுத்த நாள் அவள் மெக்கானிக் கடையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து கூப்பிட்டார்கள்.

“அம்மா… அம்மா, இருங்க. நீங்க வுட்டுட்டுப் போயிட்டீங்க…”

பழைய தந்திரம். ஜெயமதி நடையை எட்டிப் போட்டாள். பின்னால் வந்த நடையும் எட்டிப் போட்டது. சட்டென்று திரும்பினாள். அந்த முகம் இரண்டு முழத் தூரத்தில் இருந்தது. தோளில் மஞ்சள் பை. கை பைக்குள் போய்க்கொண்டிருந்தது.

காலை ஊன்றினாள். கையை நீட்டினாள்.

“நில்லு! கிட்ட வராத! இவன் என் பின்னாடியே வரான்!”

மாஸ்டர் கேட்டிருந்தால் மெச்சியிருப்பாள். சாலையே நின்றது. மெக்கானிக் கடைப் பையன்கள், டீக்கடையில் நின்றவர்கள், ஆட்டோக்காரர்கள் எல்லோரும் ஓடிவந்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்தார்கள், அவர்களுக்கு அது போதுமாயிருந்தது. முதல் அடி கன்னத்தில் விழுந்தது.

பட்டென்று கேட்ட அந்தச் சத்தத்தில் ஜெயமதிக்கு உள்ளுக்குள் ஒரு ‘அப்பாடா’ வந்தது. நன்றாக வேண்டும் என்று தோன்றியது. இத்தனை நாள் பயந்து பயந்து நடந்ததற்கும், பறிபோன நடைக்கும், பறிபோன கல்லுக்கும் சேர்த்து ஒரு மகிழ்ச்சி. அவள் அதைத் தெளிவாக உணர்ந்தாள். பின்னாளில் எத்தனை பேர் என்ன சமாதானம் சொன்னபோதும், அந்த மகிழ்ச்சியை இல்லை என்று அவளால் சொல்ல முடியவில்லை.

அடி தொடர்ந்தது. அவளால் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பழகிய கண் தானாகத் தரைக்குப் போனது. அத்தனை கால்களுக்கு நடுவே ஒரு ஜோடி கால் மண்ணில் கிடந்து உதைத்துக்கொண்டிருந்தது. ஒன்றில் செருப்பு கழன்றிருந்தது. கறுத்த நகம். ஒட்டிய விரல்கள். பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது டயர் செருப்பு.

ஜெயமதிக்கு உலகம் ஒரு நொடி விளங்கவில்லை. இந்தக் கால் இங்கே எப்படி வந்தது? அந்த முகத்தோடு இந்தக் கால் எப்படிச் சேர்ந்தது?

“அய்யோ, விடுங்க! அவர் நல்லவருங்க!”

யார் கேட்கிறார்கள்? கத்தினால் கூட்டம் வருகிறது, கத்தினால் கூட்டம் போவதில்லை. அவள் உள்ளே புகுந்தாள். முதுகில் யாருடைய குத்தோ விழுந்தது. அவரைக் காலால் எத்திக்கொண்டிருந்தவனின் மார்பில் இரண்டு கையாலும் இடித்தாள். பேடைத் தொட மறுத்த கை, ஒரு மனிதனைத் தள்ளிக் கீழே சாய்த்தது. பிறகு கீழே கிடந்தவர்மேல் குனிந்து கைகளை விரித்துக்கொண்டு, “நில்லு! கிட்ட வராத!” என்று அதே குரலில் அலறினாள். அப்போதுதான் கூட்டம் குழம்பி நின்றது.

“இன்னா மேடம், நீங்கதானே இவன் பின்னாடி வரான்னு சொன்னீங்க?” என்றான் ஒருவன். அவன் கேட்டது நியாயம்.

மஞ்சள் பையிலிருந்து ஒரு எவர்சில்வர் டப்பா உருண்டு கிடந்தது. தேய்த்துக் கழுவி, பழைய பேப்பரில் சுற்றி வைத்திருந்தார்.

அரசு மருத்துவமனையில் தோள்பட்டை எலும்பு முறிவு என்றார்கள். பெயர் ஆதிமூலம் என்று அங்கேதான் தெரிந்தது. மெயின் ரோட்டில் ஒரு சிமென்ட் குடோனுக்கு ராத்திரி வாட்ச்மேன். முன்பு அரிசி ஆலையில் வேலை, பாய்லர் வெடித்து முகம் போனது. போலீஸ்காரர் வந்து விசாரித்தபோது புகார் எதுவும் வேண்டாமென்று சொல்லிவிட்டார்.

ஜெயமதிக்குத்தான் யாராவது புகார் கொடுத்தால் தேவலையாக இருந்தது. எல்லோரும் அவளைத் தேற்றினார்கள். “நீ கை வைக்கலையே, ஜனங்க பண்ணினதுக்கு நீ என்ன பண்ணுவே?” என்றார் ஜினசேனன். “நீ செஞ்சதுதான் கரெக்ட்மா. அந்த ஆள் கெட்டவனா இருந்திருந்தா?” என்றாள் சுதர்சனா. மதிவதனி மருத்துவமனைக்கே வந்து, வராந்தாவில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“தப்புன்னு சொல்ல முடியல மேடம். சரின்னும் சொல்ல வாய் வரல. நாளைக்கு இன்னொரு கிளாஸ் இருக்கு. என்ன சொல்லிக்கொடுக்கறதுன்னு தெரியல,” என்றாள். அந்தப் பெண்ணின் கண்ணும் கலங்கியிருந்தது.

ஜெயமதி கணக்குப் பார்த்தாள். கத்தியது செய்வித்தது. முதல் அடிக்கு அப்பாடா என்றது மகிழ்ந்தது. எத்தியவனைப் பிடித்துத் தள்ளியது செய்தது. ஒரு கொசுவுக்குக்கூடச் செய்யாத மூன்றையும் ஒரே சாயங்காலத்தில், மனிதர் விஷயத்தில் செய்து முடித்தாயிற்று. தள்ளாமல் இருந்திருந்தால் அவர் செத்திருப்பார். அப்படியானால் அது பாவமா, புண்ணியமா? யோசிக்க யோசிக்க நூல் சிக்கலாகிக்கொண்டே போனது.

மறுநாள் சாயங்காலம் அந்த டப்பாவிலேயே கஞ்சி எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனாள். ஆதிமூலத்தின் மனைவி எல்லம்மாள் கட்டில் ஓரம் உட்கார்ந்திருந்தாள். டப்பாவை வாங்கிக்கொள்ளவில்லை.

“ஒண்ணு கேக்கறேன். இந்த மனுசனுக்கு மூஞ்சி நல்லா இருந்திருந்தா இப்படி அடிச்சிருப்பாங்களா?”

ஜெயமதி தலையைக் குனிந்துகொண்டாள். சிமென்ட் தரையில் ஒரு எறும்பு தனியாகப் போய்க்கொண்டிருந்தது.

“வுடு எல்லம்மா. அவங்க இன்னா பண்ணுவாங்க,” என்றார் ஆதிமூலம். குரல் மெல்லியதாக, நிதானமாக இருந்தது. அந்தக் கால்களுக்கு ஏற்ற குரல்தான். “உங்களுக்குத் தெரியாதும்மா, நான் சொல்றேன். பாய்லர் வெடிச்சதுலேர்ந்து ரோட்டு மேல போனா ஜனம் ஒரு மாதிரி பாக்கும். கொழந்தைங்க அழும். நானே தலையக் குனிஞ்சிக்கினுதான் போவேன். அதனாலதான் ஏரிக்கரை வழி. அங்க எதுர்ல வர்றது நீங்க ஒருத்தர்தான். நீங்க கீழயே பாத்துக்கினு போவீங்க. அந்தக் கொஞ்ச தூரம் நான் தலைய நிமித்திக்கினு, மலையப் பாத்துக்கினு நடப்பேன். ஒரு நாளைக்கு அது ஒண்ணுதான் எனக்கு.”

ஜெயமதி கையிலிருந்த டப்பாவைக் கட்டில் ஓரம் வைத்தாள்.

“அன்னிக்கி ஒரு நாள் நீங்க நிமிந்து பாத்தீங்க. பயந்துட்டீங்க. பரவால்ல, பழகிடும்னு நெனைச்சேன். டப்பாவக் குடுத்துட்டு, நான்தாம்மா அதுன்னு சொல்லிடலாம்னுதான் வந்தேன்.”

வார்டு ஜன்னலில் வெளிச்சம் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு, “பொழுது சாயுதும்மா. நீங்க சாப்புட்டீங்களா?” என்று கேட்டார்.

எங்கே பார்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. கீழே பார்த்தால், எல்லோரையும்போலத் தானும் அந்த முகத்தைத் தவிர்க்கிறாள் என்றாகும். மேலே பார்த்தால், அவரிடம் மிச்சமிருந்த அந்தக் கொஞ்ச தூரத்தையும் பிடுங்கியதாகும். கட்டில் விளிம்பில் நீட்டிக்கொண்டிருந்த ஒட்டிய விரல்களையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, பார்க்காமல் போவது இனிமேல் மரியாதை ஆகாது என்று நினைத்து, மெல்லத் தலையை நிமிர்த்தி அவர் முகத்தை முழுசாகப் பார்த்தாள்.

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.